குக்கர் சத்தத்தோடு ஒரு பொருளாதாரப் புத்தகம்

என் போன் எல்லாவற்றையும் ஒரே குரலில்தான் வாசிக்கும். ஆனால் அந்த ஓர் எண்ணைச் சொல்லும்போது மட்டும் அதற்குள் ஓர் ஏளனம் புகுந்துகொள்வதாக எனக்குத் தோன்றும். காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து செயலியைத் திறந்தால், "உங்கள் விகிதம், பூஜ்யம் புள்ளி ஆறு" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லும். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நான் ஒன்றும் யார் வீட்டிலும் திருடித் தின்னவில்லை.

எனக்குப் பார்வை கிடையாது. சின்ன வயதிலேயே போய்விட்டது. அதைப் பற்றி இங்கே சொல்ல வேறு எதுவும் இல்லை. ஐயோ பாவம் என்று வாயெடுப்பவர்கள் அதை அப்படியே வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம். பொருளாதாரத்தில் முதுகலையும் பி.எட்.டும் முடித்துவிட்டு, கீழ்வேளூரில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே, அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் தேர்வுக்கு நான் தயாராகிக்கொண்டிருந்த வருடம் அது. எங்கள் பாடத்தில் பார்வையற்றவர்களுக்கு ஒதுக்கியிருந்த இடங்களை ஒரு கையிலேயே எண்ணிவிடலாம். அதில் ஓர் இடம் எனக்கு வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

படிப்பதற்குப் புத்தகம் வேண்டுமே. கடையில் கிடைக்கும் தமிழ்வழிப் புத்தகம் எனக்கு வெறும் காகிதக் கட்டு. அதை ஸ்கேன் செய்து போனில் போட்டால், பாதிப் பக்கத்தைப் போன் படம் என்று சொல்லிவிடும். மீதிப் பாதியில் அட்டவணை வந்தால் அது உளறுவதைக் கேட்கச் சகிக்காது. யாராவது உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து தந்தால்தான் உண்டு. அப்படிப் பதிவு செய்த புத்தகங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள எங்களைப் போன்றவர்கள் ஒரு குழு வைத்திருந்தார்கள். பார்வையில்லை என்ற சான்றிதழைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். எங்களுக்காகப் புத்தகத்தைக் குரலாக மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது எங்களுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதனால்தான் அந்த வாசல்காவல்.

குழுவை நடத்தியவர் திருத்துறைப்பூண்டிக்காரர். வளைகுடாவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தபோது கண் நோய் வந்து, பார்வை போய், ஊருக்குத் திரும்பியவர். தம்பியின் ஜவுளிக்கடைக்குப் பின்னால் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு இதைக் கட்டியெழுப்பினார். நான் அவரை பாய் என்பேன். அவர் என்னை டீச்சரம்மா என்பார். கெட்டிக்காரர். தான் கெட்டிக்காரர் என்பது அவருக்கும் தெரியும். அதில்தான் வம்பு வந்தது.

எல்லாப் பதிவையும் ஒரே இடத்தில் சேமித்து வைக்கப் பெரிய சர்வர் வேண்டும். அதற்குப் பணம் இல்லை. அதனால் பதிவுகள் உறுப்பினர்களின் போனிலும் கம்ப்யூட்டரிலும்தான் இருக்கும். ஒரு புத்தகம் வேண்டுமென்றால், அதை வைத்திருப்பவர்களிடமிருந்து துண்டு துண்டாக உங்களிடம் வந்து சேரும். வந்த துண்டுகளை நீங்கள் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். பாயின் கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றைத்தான் செய்யும்: நீங்கள் எவ்வளவு எடுத்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கொடுத்ததை எடுத்ததால் வகுத்தால் வருவது விகிதம். ஒன்று என்றால் நல்ல பிள்ளை. பாதிக்குக் கீழே போய் அங்கேயே கிடந்தால் கணக்கைப் பூட்டிவிடுவார்கள்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

எங்கள் ஊர் கீழ்வேளூரிலிருந்து கடல் பக்கமாக உள்ளே தள்ளி இருக்கிறது. வாய்க்கால் அங்கே வந்து முடிகிறது. அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி. அண்ணன் காலத்தில்தான் சொந்தமாகச் சில மா நிலம், அதுவும் கடைமடையில். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று ஊரே கொண்டாடும்போது எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்க மாட்டோம். மேலே இருக்கிற ஒவ்வொரு மதகும் குடித்து முடித்த பிறகுதான் எங்களுக்கு. என்றைக்கு எங்கள் வயலில் தண்ணீர் ஏறுகிறதோ அன்றைக்கு அண்ணன் வரப்பில் நின்றபடி வீட்டுக்குப் போன் போடுவான். "வந்துடுச்சு" என்று ஒரே ஒரு வார்த்தை. வைத்துவிடுவான். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

செல்போன் சிக்னலும் எங்களுக்கு அப்படித்தான். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் கிடைக்கும். ஈரக்காற்று படாமல் போனைப் பால் பாக்கெட் கவருக்குள் போட்டு அங்கே வைத்துவிட்டு வருவேன். எடுப்பதற்கு அது போதும். கொடுப்பதற்குத்தான் போதாது. ஏனென்றால் குழுவில் சிலர் வெளியூரில் மாத வாடகைக்கு வேகமான சர்வர் எடுத்து வைத்திருந்தார்கள். யாராவது ஒரு புத்தகத்தைக் கேட்டால், என் போன் தொண்டையைச் செருமுவதற்குள் அவர்கள் முழுப் புத்தகத்தையும் கொட்டிவிடுவார்கள். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் மோட்டார் போட்டு இறைக்கிறவர்கள். நான் மோட்டார்காரர்கள் என்றே அவர்களுக்குப் பெயர் வைத்தேன். குழுவில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

விகிதத்துக்குப் பயந்து ஜனங்கள் செய்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை. புதிதாக எதையாவது போட்டால், அதை எடுக்க வருகிறவர்களுக்கு முதலில் நீங்கள் கொடுக்கலாம் அல்லவா? அதனால் ஒருவர் நாகப்பட்டினத்திலிருந்து புறப்படும் பஸ்களின் நேரத்தை எல்லாம் வாசித்துப் போட்டார். இன்னொருவர் தன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை, தாய்மாமன்கள் பட்டியல் உட்பட, ராகமாகப் படித்துப் போட்டார். அதற்கும் ஆள் வந்தது. எதை எடுத்தால் என்ன, கொடுத்துக் கணக்கு ஏற்றலாமே என்று. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. வேண்டிய புத்தகத்தை எடுத்தால் விகிதம் இறங்கிவிடுமே என்று பயந்து எடுக்காமலே இருந்தவர்கள். படிப்பதற்காகச் சேர்ந்துவிட்டு, எண்ணைக் காப்பாற்றுவதற்காகப் படிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பொறுக்க முடியாமல் பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், ஒருத்தர் எடுத்தது இன்னொருத்தர் கொடுத்ததுதானே?"

"ஆமா டீச்சரம்மா."

"அப்ப எல்லாரோடதயும் கூட்டினா கொடுத்ததும் எடுத்ததும் சமமாத்தானே இருக்கும்?"

"இருக்கும்."

"மோட்டார்காரர் ஒருத்தர் பத்துல நின்னா, அதுக்கு ஈடா கொஞ்ச பேரு ஒண்ணுக்குக் கீழதான் நின்னாகணும். அவங்க சோம்பேறின்னு இல்ல. கணக்கு அப்படி. நீங்க பாஸ் மார்க் வச்சு, கொஞ்ச பேரு பெயில் ஆகியே தீரணும்னு கேள்வித்தாளும் வச்சிருக்கீங்க."

பாய் சிரித்தார். அவருக்கு விவாதம் பிடிக்கும். ஆனால் விட்டுக்கொடுக்கப் பிடிக்காது.

"இதுக்கு முன்னாடி வேற ஒரு குழுவுல இருந்தேங்க. அங்க இந்த விதி கிடையாது. எல்லாரும் வந்தாங்க, எடுத்தாங்க, மூடிக்கிட்டுப் போய்ட்டாங்க. கடைசில கொடுக்க ஆளே இல்ல. ஒரே வருஷத்துல குழுவே செத்துப்போச்சு. கொடுக்காம எடுக்கிறவங்கள நான் வேற எப்படிங்க தடுக்கிறது? சொல்லுங்க."

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் சொன்னது பொய் இல்லை. எங்கள் பாடத்திலேயே அதற்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதை நானே பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். போனை வைத்துவிட்டு அண்ணியிடம் எரிந்து விழுந்தேன்.

அண்ணி என் அண்ணன் மனைவி. பத்தாவது வரை படித்தவர். வாய் ஓயாது, கையும் ஓயாது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அவங்ககிட்ட இல்லாதத நீ போடு. கொடுக்கிற எடத்துல நீ நில்லு," என்றார்.

"அதுக்கு யாராவது படிக்கணுமே அண்ணி."

"ஏன், எனக்கு வாய் இல்லையா?"

தஞ்சாவூரில் பழைய புத்தகக் கடையில் நான் வாங்கி வைத்திருந்த தடித்த தமிழ்வழிப் பொருளாதாரப் புத்தகம் ஒன்று இருந்தது. தேர்வுக்கு அதுதான் உயிர் என்று எல்லோரும் சொல்வார்கள். குழுவில் யாரிடமும் அதன் குரல் வடிவம் இல்லை. அண்ணி அதைச் சமையலறை மேடையில் எண்ணெய்ப் பாட்டிலில் சாய்த்து நிறுத்திவைத்துப் படிக்கத் தொடங்கினார். நான் போனைப் பிடித்துக்கொள்வேன். பள்ளி விட்டு வந்ததும் இதுதான் வேலை. தனியறையில் உட்கார்ந்து படியுங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "குழம்ப யாரு பாத்துப்பா?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டார்.

அதனால் அந்தப் பதிவில் எல்லாமே இருக்கிறது. குக்கர் விசில் இருக்கிறது. கொல்லையிலிருந்து உள்ளே வரும் கோழி இருக்கிறது. "சூ, அந்தாண்ட போ" என்று அதை விரட்டிவிட்டு, அதே மூச்சில் "குறியீட்டு எண்களின் வகைகள்" என்று தொடரும் அண்ணி இருக்கிறார். தேவை நெகிழ்ச்சிப் பாடத்தில் ஓர் இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு, "வெல ஏறுனா வாங்குறது கொறையுமாம். அரிசிக்குக் கொறையுமா? கொறையாதே... இரு, அடுத்த பக்கத்துல அவனே அதத்தான் சொல்றான்," என்பார். இன்னோர் இடத்தில், "இது எனக்குப் புரியல. உங்களுக்கும் புரியலன்னா திருப்பி ஒரு தடவ கேளுங்க," என்று முகம் தெரியாத ஆட்களுக்கு ஆறுதல் சொல்வார். அதையெல்லாம் வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். வெட்டத் தெரியவில்லை என்பது ஒரு காரணம். கேட்கக் கேட்க எனக்குப் பிடித்துப்போனது இன்னொரு காரணம்.

புத்தகம் முடிந்ததும் போனை மாடியில் வைத்து, குழுவில் திறந்துவிட்டேன். கேட்டவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. இனி என் விகிதத்தை யாரும் தொட முடியாது என்று நினைத்து அன்றைக்கு அல்வாவே வாங்கி வந்தேன்.

அல்வா தீருவதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. என்னிடமிருந்து முழுப் பிரதியை முதலில் எடுத்தவர்கள் மோட்டார்காரர்கள். எடுத்த கையோடு அவர்களே மற்றவர்களுக்குக் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கொடுத்த கணக்கில் எனக்குச் சேர்ந்த புள்ளி ஒரே ஒரு பிரதிக்குத்தான். அண்ணியின் தொண்டைக்கட்டுக்கும் கோழிக்கும் குக்கருக்கும் கிடைத்த புள்ளி முழுக்க, எங்கோ ஏசி அறையில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்துக்குப் போனது. அண்ணனிடம் சொன்னபோது அவன் ஆச்சரியப்படவே இல்லை. "மேமடைக்காரன் இங்கயும் வந்துட்டானா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனான்.

தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் புள்ளியியல் ஆகாது. அதற்கான பயிற்சிக் கணக்குகளை யாரோ ஒருவர் பொறுமையாக விளக்கிப் பேசிப் பதிவு செய்து குழுவில் போட்டிருந்தார். அதை எடுக்க ஆரம்பித்தேன். அவரும் என்னைப் போல வேகம் இல்லாத ஆள் போலிருக்கிறது. சொட்டுச் சொட்டாக வந்தது. பாதி வந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செயலியைத் திறந்தால், போன் அதே நிதானத்தோடு, "உங்கள் கணக்கு பூட்டப்பட்டுள்ளது" என்றது.

நான் அழவில்லை. கத்தினேன். மாடியிலிருந்து கத்தியது தெருமுனை டீக்கடைக்குக் கேட்டதாக அண்ணன் பிறகு சொன்னான்.

அடுத்த இரண்டு நாள் புள்ளியியலில் தெரிந்ததையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் பாய் கூப்பிட்டார். குரலில் வழக்கமான தெம்பு இல்லை.

"டீச்சரம்மா, அந்த விசில் புத்தகம் உங்க போன்ல இன்னும் இருக்குங்களா?"

"இருக்கு. ஏன்?"

"வேற யார்ட்டயும் முழுசா இல்லைங்க."

நடந்தது இதுதான். மோட்டார்காரர்களுக்குப் புது வரத்து இருக்கும்வரைதான் புள்ளி. கூட்டம் ஓய்ந்ததும், இடத்தை அடைக்கிறது என்று அண்ணியின் புத்தகத்தை அழித்துவிட்டார்கள். ஒருவர் வாடகை கட்டாமல் சர்வரையே மூடிவிட்டார். அவர்கள் போன நேரத்தில், தாமதமாக எடுக்க ஆரம்பித்த எங்களைப் போன்ற போன்காரர்கள் எல்லோரும் கடைசிப் பாடங்களுக்குக் கிட்டே வந்து நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் இல்லாதது அதே துண்டுகள். அந்தத் துண்டுகள் இருந்த ஒரே போன் எங்கள் மொட்டைமாடியில், பால் பாக்கெட் கவருக்குள் இருந்தது. அந்தப் போனைத்தான் பாயின் விதி பூட்டி வைத்திருந்தது.

"உங்க கணக்க இன்னிக்கே திறந்துவிடுறேன். போன மாடில வச்சிட்டீங்கன்னா போதும்," என்றார் பாய்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்று வைத்துவிட்டேன்.

யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருந்தது. காத்துக்கொண்டிருந்தவர்கள் யார்? பொருளாதாரத் தேர்வு எழுதப்போகிற பார்வையற்றவர்கள். அதாவது, ஒரு கையில் எண்ணிவிடக்கூடிய அந்த இடங்களுக்கு என்னோடு போட்டி போடுகிறவர்கள். வேறு யாருக்கு அந்தப் புத்தகம் வேண்டும்? கடைசிப் பாடங்கள் என்னிடம் மட்டும் இருக்கின்றன. தேர்வு வருகிற வாரம். நான் ஒரு தப்பும் செய்ய வேண்டாம். போனை அலமாரியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாலே போதும்.

பிறந்ததிலிருந்து கடைமடையில் இருந்த நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தலைமடையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. மேலே மதகை மூடிக்கொள்கிறவர்களை எங்கள் வீட்டில் எத்தனை விதமாகத் திட்டியிருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். மூடும்போது கைக்கு எவ்வளவு சுகமாக இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுப்படியில் போய் அண்ணியிடம் சொன்னேன். போட்டிக்காரர்கள், கடைசிப் பாடங்கள், அலமாரி எல்லாவற்றையும். அண்ணி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டார்.

"அது யாரு படிச்ச புஸ்தகம்?"

"நீங்க படிச்சது."

"அப்ப மூடி வைக்க நீ யாரு?"

கத்தியை மேடையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"தொண்ட கட்டிப்போயி நான் படிச்சிருக்கேன். புரியலன்னா திருப்பிக் கேளுங்கன்னு எல்லாரயும் பாத்துச் சொல்லிருக்கேன். கடைசிப் பாடத்த மட்டும் கொடுக்காம வச்சா என்னய என்னன்னு நெனப்பாங்க? உன் பேரா கெடும், என் பேருதான கெடும்? போனக் கொண்டா."

அண்ணிக்கு வருத்தமெல்லாம் இல்லை. கோபம்தான். போட்டி, இடஒதுக்கீடு, என் எதிர்காலம் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. தன் சரக்கை இன்னொருத்தி பூட்டி வைக்கிறாளே என்கிற சுத்தமான கோபம். எனக்கு அப்போதுதான் சுரீரென்று பட்டது. பாய்க்கு அன்றைக்கு நான் சொல்ல முடியாத பதில் இதுதான். விதி பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் யார் குழாய் வழியாகப் போனது என்பதைத்தான். யார் வாயிலிருந்து வந்தது என்பதை அது பார்க்கவே இல்லை.

பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பாய், போன மாடிக்கு அனுப்பறேன். ஆனா எனக்குச் சலுகை வேணாம். விதிய மாத்துங்க."

"சொல்லுங்க."

"ஒரு புத்தகத்த யாரு படிச்சாங்களோ, அத ஒவ்வொருத்தர் எடுக்கும்போதும் படிச்சவங்களுக்குப் புள்ளி போகணும். எந்த மோட்டார் வழியா போனாலும் சரி. அப்புறம், எவ்வளவு கொடுத்தோம்ங்கிறது வேணாம். எவ்வளவு நேரம் தெறந்து வச்சிருந்தோம்னு பாருங்க. ஆள் கேக்காட்டியும், தெறந்து வச்சவனுக்குப் புள்ளி. எங்க போன் மெதுவா கொடுக்கும். ஆனா நாள் முழுக்கத் தெறந்தே கெடக்கும்."

"கொஞ்ச பேர்ட்ட மட்டும் இருக்கிற புத்தகத்துக்குக் கூடுதலா போடலாமா?" பாயின் மூளை உடனே ஓட ஆரம்பித்துவிட்டது.

"போட்டீங்கன்னா அடுத்தவன மூடச் சொல்லிட்டு, நான்தான் கடைசி ஆளுன்னு நிப்பாங்க. இன்னிக்கு நானே அப்படி நிக்கப் பாத்தேன். வேணாம்."

பாய் அதை ஒப்புக்கொண்டார். பிறகு, "படிச்சவங்க உங்க அண்ணிதானே? அவங்களுக்குக் கண்ணு தெரியும். அவங்க உறுப்பினராக முடியாதே," என்றார்.

அண்ணி போனுக்குப் பக்கத்தில் வந்து, "எனக்கு ஒண்ணும் எடுக்க வேணாங்க. கொடுக்கிற மாதிரி மட்டும் ஒரு கணக்கு இருந்தா போடுங்க," என்றார். பாய் நிஜமாகவே சிரித்தார். கொடுக்க மட்டுமே முடிந்த கணக்கு ஒன்றை அவர் அன்றைக்கே உருவாக்கினார். அதில் அண்ணிக்கு அதுவரை வர வேண்டிய புள்ளிகளையெல்லாம் போட்டபோது, குழுவிலேயே பெரிய பணக்காரி அண்ணிதான் என்று தெரியவந்தது. வைத்துக்கொண்டு என்ன செய்வது? பூட்டிக் கிடந்த கணக்குகளுக்கெல்லாம் பிரித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார். அத்தனையும் திறந்தன. எனக்கும் அதில்தான் திறந்தது. பாய் தந்த சலுகையில் இல்லை. இதைப் பாயிடம் நான் இன்றுவரை சொல்லிக்காட்டுவதுண்டு.

போன் அன்றிரவும் மறுநாள் முழுவதும் மாடியில் கிடந்தது. என் கணக்கு திறந்ததும், நின்றுபோயிருந்த புள்ளியியல் கணக்குகளும் மறுபடியும் சொட்ட ஆரம்பித்தன. தேர்வுக்கு முந்தைய நாள்தான் முழுதும் வந்து சேர்ந்தது.

தேர்வு மையம் தஞ்சாவூரில். அண்ணிதான் துணைக்கு வந்தார். நாங்கள் சொல்வதை எழுத ஆள் தருவார்கள் என்பதால், பார்வையற்றவர்களை எல்லாம் வகுப்பறைக்கு வெளியே ஒரே நடையில் பெஞ்சு போட்டு உட்காரவைத்திருந்தார்கள். பேச்சுச் சத்தம் ஒன்றாக இரைந்துகொண்டிருந்தது. ஆளாளுக்கு வரையறைகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஆண்குரல் கடைசிப் பாடத்தின் வரிகளைச் சொல்லிக்கொண்டிருந்தது. எல்லாம் என் போனிலிருந்து போன வரிகள். தப்பு செய்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

அப்போது அண்ணி நடையில் வந்து, "பாப்பா, தண்ணி பாட்டில மறந்துட்டியே," என்றார்.

பெஞ்சு முழுக்க அடங்கிவிட்டது. முணுமுணுப்பு ஒவ்வொன்றாக நின்றது. கடைக்கோடியிலிருந்து ஒரு பெண் மெதுவாகக் கேட்டார்: "கோழிய வெரட்டுவீங்களே... அவங்களா நீங்க?"

அண்ணி திகைத்துப்போய், "ஆமாங்க," என்றார். அவ்வளவுதான். ஆளாளுக்கு எழுந்துவிட்டார்கள். குக்கர் எத்தனை விசிலுக்கு இறக்குவீங்க என்று ஒருவர் கேட்டார். அரிசி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான் என்று இன்னொருவர் சொன்னார். எங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்தில்கூட அண்ணிக்கு இவ்வளவு மரியாதை நடந்ததில்லை. "நல்லா எழுதுங்க, எல்லாரும் நல்லா எழுதுங்க," என்று சொல்லிக்கொண்டே அண்ணி வெளியே போனார்.

பக்கத்து ஆண்குரல் என் பக்கம் திரும்பியது. "கடைசிப் பாடம் யாரோ ஒருத்தங்க போன்லதான் இருந்துச்சாம். அந்த வாரம் என் கணக்கயும் பூட்டிட்டாங்க. இப்ப வந்தாங்களே, இவங்க புள்ளிலதாங்க எனக்குத் திறந்துச்சுன்னு பாய் சொன்னாரு. இல்லாட்டி நான் போட்டிருந்த புள்ளியியல் கணக்கும் அப்படியே முடங்கிருக்கும். அத வேற யாரோ பாதில எடுத்துக்கிட்டிருந்தாங்க, பாவம்."

மணி அடித்துவிட்டது. உள்ளே போகும்போது அவர் கையைப் பிடித்து, "அந்தப் பாவம் நான்தாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன்.

எங்கள் ஒதுக்கீட்டில் தேர்வானவர்கள் பட்டியல் வந்தபோது அடுத்த வருடத் தண்ணீர் திறந்தாகிவிட்டது. அண்ணன் வயலில் இருந்தான். போன் ஒவ்வொரு எண்ணாக வாசித்தது. தேர்வு மையத்தில் பக்கத்தில் இருந்த அந்தப் புள்ளியியல்காரரின் எண் முதலில் இருந்தது. தேர்வு முடிந்த அன்றைக்கே அவர் தன் எண்ணைச் சொல்லியிருந்ததால் அது எனக்குத் தெரிந்தது. என் எண் எல்லாவற்றுக்கும் கடைசியில் இருந்தது. எனக்குக் கீழே யாரும் இல்லை. தேர்வில் புள்ளியியல் கேள்விகள் கணிசமாக வந்திருந்தன. அவருடைய கணக்குகள் முழுதாக வந்து சேராமல் போயிருந்தால் எத்தனை கேள்வியை விட்டிருப்பேன் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஒன்றை விட்டிருந்தாலும் போதும், அந்தக் கடைசி வரியில் வேறு எண் இருந்திருக்கும்.

அண்ணி என்னைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார். நான் ஒரு கையால் அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்தான். பின்னால் வாய்க்கால் சத்தம் கேட்டது.

"வந்துடுச்சு," என்றேன்.

"எது, தண்ணியா? இங்கதான நிக்குறேன், இன்னும் வரல."

பிறகு அவனுக்குப் புரிந்தது. ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டான்.